மழை தெரியாத விமானம்

சார்ல்ஸ்டன், ஓரிகன்
1988 செப்டம்பர் 14

மதிப்பிற்குரிய கெசிஞ்சர் அவர்களுக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்துவிட்டேன். உங்கள் விமானமும்தான். விற்பனைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டு ஐந்து நாளாகியும் 'உங்கள் விமானம்' என்றுதான் கை எழுதுகிறது. பழகக் கொஞ்ச நாளாகும்.

ரோசமண்டில் கிளம்பி நாலு மணி பத்து நிமிடம். நடுவில் எங்கும் இறங்கவில்லை. சாஸ்தா மலையைத் தாண்டும்போது, இதே தூரத்தை உங்களிடம் வருவதற்காகப் பேருந்தில் ஒன்றரை நாள் கடந்தேன் என்பது நினைவுக்கு வந்து, தனியாகச் சிரித்துக்கொண்டே ஓட்டினேன்.

எங்கள் ஊர் விமானத் திடலில் ஒரு கூட்டமே கூடிவிட்டது. விமானம் நின்றபின், நீங்கள் சொல்லிக்கொடுத்தபடி, நான் வெளியே வருவதற்கு முன் முன்சக்கரத்தை மடக்கி, மூக்கைத் தரையில் ஊன்றி நிறுத்தினேன். இறால் படகு வைத்திருக்கும் ஒருவர் ஓடி வந்தார்.

"அம்மா, உங்க ப்ளேன் குப்புற விழுந்துடுச்சு!"

"விழல. நிக்கிறப்ப அது இப்படித்தான் மண்டி போடும்."

அவர் சுற்றிச் சுற்றி வந்தார். மூக்கருகே சின்னச் சிறகு, பின்னால் பெரிய சிறகு, அதற்கும் பின்னால் விசிறி. "பெரிய றெக்கை பின்னால, காத்தாடி அதுக்கும் பின்னால. திரும்பி உக்காந்து ஓட்டிட்டு வந்தீங்களா?" என்று கேட்டார். திடல் முழுக்கச் சிரித்தது.

ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் வீட்டில் தங்கிப் பறக்கப் பழகிய மூன்று நாளும் சொல்லக் கூச்சமாக இருந்தது. இருபது வருடமாகக் கண்ணாடி இழையில் மீன்பிடிப் படகுகள் செய்கிறேன், பழுது பார்க்கிறேன். ஒரு பரப்பைத் தடவினால் அதைச் செய்தவர் எந்த இடத்தில் அவசரப்பட்டார் என்று என் உள்ளங்கை சொல்லிவிடும். உங்கள் விமானத்தில் மூக்கிலிருந்து சிறகு நுனிவரை தடவிப் பார்த்தேன். நீங்கள் எங்குமே அவசரப்படவில்லை. ரயில்வேயில் சிக்னல் பழுது பார்த்தவருக்கு இந்தக் கை எங்கிருந்து வந்தது?

ஐலீன் அம்மாவின் பீச் பழ அப்பம் சாஸ்தாவிலேயே தீர்ந்தது என்று சொல்லுங்கள்.

மார்லிஸ் ட்வைட்

*

ரோசமண்ட், கலிஃபோர்னியா
1988 அக்டோபர் 2

செல்வி ட்வைட் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. பாராட்டுக்கு நன்றி. சிக்னலில் ஒரு கம்பி தளர்ந்தால் இரண்டு ரயில்கள் முட்டிக்கொள்ளும். அவசரப்படாத பழக்கம் அதில் வந்ததுதான்.

முதல் குளிர்காலம் வண்டிக் கொட்டகையில் வேலை செய்தேன். அதற்குப் பிறகு ஐலீன் சோபாவை வெளியே தூக்கிப் போட்டுவிட்டுக் கூடத்தைக் கொடுத்தாள். நுரைக்கட்டியைச் சூட்டுக் கம்பியால் அறுப்பது, அதன்மேல் இழைத்துணி விரித்துப் பசை ஊற்றுவது, காய்ந்தபின் உப்புத்தாளால் தேய்ப்பது. நாலரை வருடம் எங்கள் சாப்பாட்டில் தூள் இருந்தது. வெளியே எடுக்க ஜன்னலைச் சட்டத்தோடு பெயர்த்தோம். ஆறு வருடம் பறந்தேன், பின்னிருக்கையில் ஐலீனோடு. இந்த மார்ச்சில் மருத்துவர் என் இதயத்தின் வரைபடத்தைப் பார்த்துவிட்டு உரிமத் தாளில் கையெழுத்துப் போட மறுத்தார். அவ்வளவுதான் கதை.

கவனிக்க வேண்டியவை: வெயிலில் உறை இல்லாமல் நிறுத்தாதீர்கள். வெள்ளையைத் தவிர வேறு வண்ணம் பூசாதீர்கள். சூடேறினால் பசை இளகும். விசிறியைக் கையால் சுற்றிக் கிளப்பும்போது தொப்பி, கழுத்துத் துணி எதுவும் கூடாது.

வருடப் பரிசோதனை ஏப்ரலில் வரும். கட்டியவன் என்ற முறையில் அதில் கையெழுத்திட எனக்குச் சட்டப்படி உரிமை உண்டு. வாங்கியவர் போட முடியாது. உரிமம் பெற்ற மெக்கானிக் போடலாம். வேறு ஆள் கிடைக்காவிட்டால் நான் வந்து போட்டுத் தருகிறேன்.

கடைசியாக ஒன்று: வரைபடத்தில் இருந்தபடியே கட்டியிருக்கிறேன். எதையும் மாற்ற வேண்டாம்.

வெ. கெசிஞ்சர்

*

சார்ல்ஸ்டன்
1988 நவம்பர் 9

மதிப்பிற்குரிய கெசிஞ்சர் அவர்களுக்கு,

இதை மூன்று தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். நேராகவே கேட்கிறேன்: மழையைப் பற்றி ஏன் சொல்லவில்லை?

போன ஞாயிறு தம்பி ஹாலைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு போனேன். திரும்பி வரும்போது விரிகுடாவுக்கு மேலே, எண்ணூறு அடி உயரத்தில், தூறல். பெரிய மழைகூட இல்லை; எங்கள் ஊரில் அதற்குக் குடை விரிக்க மாட்டோம். முன்சிறகு நனைந்த அடுத்த நொடி மூக்கு சாய்ந்தது. யாரோ முன்னால் ஒரு சாக்கு மூட்டையைத் தொங்கவிட்டதுபோல. கண்ணாடிக்கு எதிரே இருந்தது ஓடுபாதை இல்லை, தண்ணீர்.

"மார்லிஸ், நாம தண்ணிக்குள்ள போறமா?" என்றான் ஹால். மிகவும் நிதானமாகக் கேட்டான். பயந்தால் அவன் அப்படித்தான் பேசுவான்.

பிடியைப் பின்னால் இழுத்தேன். மூக்கு மேலே வந்தது. இழுத்த கையை இறங்கும்வரை தளர்த்த முடியவில்லை. வேகத்தை ஏற்றிக்கொண்டு எப்படியோ இறங்கினேன். ஹால் கீழே இறங்கி அரைமணி நேரம் சக்கரத்தின் மேல் உட்கார்ந்திருந்தான்.

பிறகு வீட்டில் விமானம் கட்டுகிறவர்களின் பழைய செய்திமடல்களை வாங்கிப் படித்தேன். இந்த வகை முன்சிறகு நனைந்தால் தூக்கும் சக்தியில் கொஞ்சம் இழக்கும் என்று நாலைந்து பேர் எழுதியிருக்கிறார்கள். மழையைப் பொருட்படுத்தாத புது வடிவத்துக்கு வரைபடமே வந்துவிட்டது. அந்தச் செய்திமடல்களை நீங்களும் வாங்குகிறீர்கள். உங்கள் அலமாரியில் வரிசையாகப் பார்த்தேன்.

உங்கள் வேலையை நான் குறை சொல்லவில்லை. அது வேறு. ஆனால் இங்கே வருடத்தில் பாதி நாள் மழை. புது முன்சிறகு செய்யப் போகிறேன். உங்கள் யோசனை வேண்டும்.

மார்லிஸ் ட்வைட்

*

ரோசமண்ட்
1988 நவம்பர் 20

செல்வி ட்வைட் அவர்களுக்கு,

செய்திமடலில் படித்திருந்தேன். சொல்லியிருக்க வேண்டும். ஆறு வருடத்தில் இந்தப் பாலைவனத்தில் என் விமானத்தின்மேல் விழுந்த துளிகளை விரல்விட்டு எண்ணலாம். அதனால் எனக்கு மழை நினைவில் இல்லை. இது சாக்கு என்று உங்களுக்குத் தோன்றினால் மறுக்க மாட்டேன். உங்கள் தம்பியிடம் என் வருத்தத்தைச் சொல்லுங்கள்.

ஆனால் இதற்காகச் சிறகையே கழற்றி எறிய வேண்டியதில்லை. நனைந்தால் பிடியை ஒரு விரற்கடை இழுங்கள், இறங்கும்போது வேகம் கூட்டுங்கள். நூற்றுக்கணக்கானவர்கள் அப்படித்தான் பறக்கிறார்கள். முன்சிறகு அந்த விமானத்தின் தலைவிதி. அது அரை டிகிரி மாறினால் எல்லாம் மாறும். நீங்கள் படகு செய்கிறவர். படகு தப்பாகச் செய்தால் நனைவார்கள். இது அப்படி இல்லை.

முன்சிறகை மாற்றினால் ஏப்ரலில் என் கையெழுத்து கிடைக்காது.

வெ. கெசிஞ்சர்

*

சார்ல்ஸ்டன்
1988 டிசம்பர் 3

கெசிஞ்சர் அவர்களுக்கு,

எங்கள் படகு தப்பாக இருந்தால் கொலம்பியா ஆற்று முகத்தில் ஆட்கள் செத்துப்போவார்கள். என் அப்பா அப்படித்தான் போனார். வேறொருவர் செய்த படகில். 'நனைவார்கள்' என்று எழுதிய கடிதத்தை ஐலீன் அம்மாவிடம் காட்டினீர்களா?

இந்த ஊர் மெக்கானிக்கிடம் போனேன். "பிளாஸ்டிக் ப்ளேன்ல நான் கை வைக்க மாட்டேன், அது பொம்மை" என்கிறார். ஆக நீங்கள் கையெழுத்துப் போடாவிட்டால் விமானம் கொட்டகையில் கிடக்கும். கிடக்கட்டும். தண்ணீருக்குள் போவதைவிட அது மேல்.

பழைய முன்சிறகைக் கழற்றிவிட்டேன். புதியதற்கு நுரை அறுத்தாகிவிட்டது. பழையது வீணாகாது, கவலைப்படாதீர்கள். ஐடஹோவில் ஃபென்ஸ்கி என்று ஒருவர் இதே வகை விமானம் வைத்திருக்கிறார். கொட்டகைக் கதவு இடித்து அவருடைய முன்சிறகு நொறுங்கிவிட்டது. அவருடைய ஊரில் மழை குறைவு. உங்கள் வேலைப்பாட்டைப் பற்றிச் சொன்னேன், சந்தோஷத்தில் குதித்தார். கிறிஸ்துமஸுக்கு முன் அனுப்பிவிடுவேன்.

மா. ட்வைட்

*

ரோசமண்ட்
1988 டிசம்பர் 8
விரைவு அஞ்சல்

செல்வி ட்வைட்,

அந்தச் சிறகை யாருக்கும் கொடுக்காதீர்கள். அனுப்பிவிட்டிருந்தால் அந்த ஐடஹோக்காரருக்கு இன்றே சொல்லி நிறுத்துங்கள்.

இரண்டு தடவை தொலைபேசியில் கூப்பிட்டேன். உங்கள் தம்பி எடுத்தார். அவரை அந்தச் சிறகின் பின்னால் உட்கார வைத்தவன் நான் என்பதால் பேச்சு வரவில்லை. வைத்துவிட்டேன். எழுத்தில் சொல்கிறேன்.

முன்சிறகுதான் நான் முதலில் செய்தது. 1978 ஜனவரி, வண்டிக் கொட்டகையில். அதன் உயிரே நடுவில் நீளவாட்டில் ஓடும் இழைப்பட்டை என்பது உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதற்குப் பசை ஊற்றிக்கொண்டிருந்தபோது கணப்பு அணைந்துவிட்டது. வெளியே உறைபனி. பாதியில் நிறுத்த முடியாது. கை விறைக்க விறைக்க முடித்தேன். மறுநாள் தொட்டால் ஒட்டியது. அடுத்த நாளும். மூன்றாம் நாள்தான் இறுகியது.

எடுத்து எறிந்திருக்க வேண்டும். சிக்னலில் அப்படி ஒரு இணைப்பைப் பார்த்திருந்தால் அந்தத் தடத்தையே மூடியிருப்பேன். ஆனால் ஆறு வாரம் உழைத்த பொருள். மேலே தட்டிப் பார்த்தேன், நன்றாக ஒலித்தது. கட்டுமானக் குறிப்பேட்டில் 'அறை வெப்பம் சரி' என்று எழுதினேன். என் வாழ்க்கையில் வேலைக் குறிப்பேட்டில் எழுதிய ஒரே பொய்.

இறுக்கித் திருப்பினால் சிறகில் பாரம் பல மடங்கு ஏறும். ஆறு வருடத்தில் ஒருநாளும் விமானத்தை அப்படித் திருப்பியதில்லை. மற்றவர்கள் சரிந்து வட்டமடிப்பார்கள். நான் பால்வண்டிபோல் போவேன். "வெண்டல் மாதிரி நிதானமானவன் கிடையாது" என்பார்கள். நிதானம் இல்லை அது, பயம். அப்படியிருந்தும் ஐலீனைப் பின்னால் உட்கார வைத்தேன். பிறகு உங்களிடம் விற்றேன். சொல்லாமல் விற்றேன்.

மாற்றாதே என்று நான் பிடிவாதம் பிடித்ததும் இதனால்தான். கழற்றினால் உள்ளே பார்ப்பீர்கள். உங்கள் உள்ளங்கை கண்டுபிடித்துவிடும்.

விமானம் வேண்டாமென்றால் திருப்பி எடுத்துக்கொள்கிறேன். உங்கள் அப்பாவைப் பற்றி எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் அந்த வரியை எழுதியிருக்கக் கூடாது.

வெண்டல் கெசிஞ்சர்

*

சார்ல்ஸ்டன்
1989 ஜனவரி 22

கெசிஞ்சர் அவர்களுக்கு,

ஆறு வாரம் பதில் எழுதவில்லை. எழுதியிருந்தால் பிறகு வருத்தப்பட்டிருப்பேன். உங்கள் கடிதத்தை ஹால் படித்துவிட்டு, "இந்தாளு ஊருக்கு நான் பஸ்ஸேறிப் போறேன்" என்று சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு நின்றான். எனக்கும் கோபம்தான். சிறகு ஐடஹோவுக்குப் போகவில்லை. பெட்டியில் வைத்து ஆணி அடித்திருந்தேன், பிடுங்கினேன்.

அப்புறம் யோசித்தேன். நாம் இரண்டு பேரும் அந்தச் சிறகைப் பற்றிப் பயப்படுகிறோம், கோபப்படுகிறோம். யாரும் அதையே கேட்கவில்லை. கேட்டுவிடலாம் என்று முடிவு செய்தேன்.

போன சனிக்கிழமை பட்டறையில் அதைத் தலைகீழாகப் பொருத்தினோம், விமானத்தில் மாட்டும் அதே இரண்டு இடங்களில். பறக்கும்போது காற்று கீழிருந்து தள்ளும் பக்கத்தில் மணல் மூட்டை அடுக்குவது திட்டம். நேராகப் பறக்கும்போது அது சுமப்பது ஐந்து மூட்டைக்குக் கொஞ்சம் மேல். கணக்குப்படி அதைப்போல ஆறு மடங்கு தாங்கினால் போதும், முப்பத்திரண்டு. செய்தி பரவிவிட்டது. துறைமுகமே வந்துவிட்டது. காப்பியும் வறுத்த மீனும் விற்காத குறை.

பத்து மூட்டையில் நுனி வளைந்தது. இருபதில் கை அகலம் வளைந்தது. ஹால்தான் மூட்டை வைத்தான். ஒவ்வொன்றையும் தூங்கும் குழந்தையைப் படுக்க வைப்பதுபோல வைத்தான். முப்பத்திரண்டு வைத்தோம். அப்படியே நின்றது.

"இன்னும் வை" என்றேன்.

நாற்பத்துநாலில் மூட்டை தீர்ந்துபோனது. இறால் படகுக்காரர் நங்கூரச் சங்கிலியை இழுத்து வந்து சுற்றினார். நின்றது. கடைசியில் ஹால் தன் தொப்பியைக் கழற்றி அதன் மேல் வைத்துவிட்டு, "ஒரு வார்த்தைகூட முனகல பாருங்க" என்றான். அதன்பிறகு எல்லோரும் கைதட்டினார்கள். ஒரு பொருளுக்கு இந்தத் துறைமுகம் கைதட்டி நான் பார்த்ததில்லை. மூட்டைகளை இறக்கியதும் சிறகு பழைய நேர்கோட்டுக்கே திரும்பி வந்தது.

எனக்கு அதுவும் போதவில்லை. ஞாயிற்றுக்கிழமை ரம்பத்தால் குறுக்கே அறுத்தேன். அந்த இழைப்பட்டையை விளக்கில் பிடித்துப் பார்த்தேன். குமிழ் இல்லை. வறண்ட வெள்ளைத் திட்டு ஒன்றுகூட இல்லை. இழை ஒவ்வொன்றும் சீவிவிட்டதுபோல நேராகக் கிடக்கிறது. விறைத்த கையோடு ஒருவர் இதைச் செய்தார் என்றால் நானே நம்பியிருக்க மாட்டேன்.

ஏன் தாங்கியது என்று சொல்கிறேன், இது என் தொழில். குளிரில் ஊற்றிய பசை பாதியில் தூங்கிவிடும், கெட்டுப்போகாது. பிறகு சூடு பட்டால் விழித்து மிச்ச வேலையை முடிக்கும். நாங்கள் இங்கே விளக்கு வைத்துச் சூடாக்குவோம். நீங்கள் அந்தச் சிறகை மொஹாவிப் பாலைவனத்தின் கோடை வெக்கையில் கொட்டகைக்குள் வைத்திருந்திருப்பீர்கள். உங்கள் பாலைவனம் அதைச் சுட்டு எடுத்துவிட்டது. முதல் தடவை பறக்கும் முன்பே அது சரியாகிவிட்டது. ஆறு வருடம் நீங்கள் பயந்தது இல்லாத ஒன்றுக்கு.

அறுத்ததில் ஒரு துண்டை இத்துடன் அனுப்புகிறேன். வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்.

சொல்லாமல் விற்றதை இன்னும் மன்னிக்கவில்லை. அது தனி. ஆனால் சொல்லாமலே இருந்திருக்கலாம். ஐடஹோக்காரர் ஒருநாளும் கண்டுபிடித்திருக்க மாட்டார். சொன்னீர்கள். அதையும் எடை போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

மார்லிஸ்

*

ரோசமண்ட்
1989 பிப்ரவரி 5

அன்புள்ள மார்லிஸ்,

துண்டு கிடைத்தது. ஜன்னலில் பிடித்துப் பார்த்தேன். நிறைய நேரம் பார்த்தேன்.

அதன்பிறகு ஐலீனைக் கூப்பிட்டு உட்கார வைத்து, பதினோரு வருடமாகச் சொல்லாததைச் சொன்னேன். அவள் கையில் இருந்த உருளைக்கிழங்கைத் தோல் சீவுவதை நிறுத்தவில்லை.

"கணப்பு அணைஞ்ச அன்னிக்கா? எனக்குத் தெரியுமே" என்றாள்.

"எப்படி?"

"மூணு நாளா நீ சாப்பிடல. கொட்டகைல போய்த் தொட்டுப் பாத்தேன், என் ஸ்வெட்டர் கை அதுல ஒட்டிக்கிச்சு. நீயா சொல்லுவேன்னு இருந்தேன். சொல்லல. சரி, கூடத்துலயாவது குளிராம செய்யட்டும்னு சோபாவைத் தூக்கிப் போட்டேன்."

"தெரிஞ்சும் ஆறு வருஷம் பின்னால உக்காந்து வந்தியா?"

"நீயும் அதுலதானே உக்காந்திருந்தே?"

கிழங்கு வெந்தது, சாப்பிட்டோம். எனக்கு அன்று நல்ல பசி.

பசை தூங்கும், விழிக்கும் என்று நீங்கள் எழுதியதை நாலு தடவை படித்தேன். இத்தனை வருடம் கண்ணாடி இழையைக் கையாண்டும் எனக்கு அது தெரியாது. வரைபடம் சொன்னதைச் செய்தேன். ஏன் என்று கேட்கவில்லை. உங்கள் படகு வேலையை நான் இளப்பமாகப் பேசினேன். அதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

புது முன்சிறகு எப்படி வந்திருக்கிறது? இழைப்பட்டை எத்தனை அடுக்கு வைத்தீர்கள்? சாய்வுக் கோணத்தை எதை வைத்து அளந்தீர்கள்? எல்லாம் எழுதுங்கள். தடுப்பதற்காகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ள ஆசை.

வெண்டல்

*

சார்ல்ஸ்டன்
1989 ஏப்ரல் 16

அன்புள்ள வெண்டல்,

நீங்கள் மார்ச்சில் அனுப்பிய ஏழு பக்கக் கேள்விகளுக்குத் தனித் தாளில் பதில் இருக்கிறது. ஆறாவது கேள்வி என்னைக் காப்பாற்றியது. முட்டுச் சட்டத்தின் மேல் சிறகை வைத்துக் கோணம் பார்த்தது சரிதான். ஆனால் அந்தச் சட்டமே அரை டிகிரி சாய்ந்திருந்தது. பட்டறைத் தரை கடலைப் பார்த்துச் சரிந்திருக்கிறது, இருபது வருடமாக எனக்கு அது கண்ணில் படவில்லை. 'தரையை நம்பினீர்களா, ரசமட்டத்தை நம்பினீர்களா?' என்று கேட்டிருந்தீர்கள். தரையைத்தான் நம்பியிருந்தேன். முழுவதையும் பிரித்து மறுபடி பொருத்தினேன். அப்படியே பறந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் ஹாலிடம் சொல்லவில்லை.

மாற்றம் செய்த விமானம் என்பதால் ஐந்து மணி நேரம் ஆளில்லாத பக்கமாகத் தனியாகப் பறந்து காட்ட வேண்டும் என்று அனுமதித் தாளில் எழுதிக் கொடுத்தார்கள். முதல் நாள் ஓடுபாதையில் வேகமாக ஓட்டி மூக்கை மட்டும் தூக்கிப் பார்த்து இறக்கினேன். நாலு தடவை. ஐந்தாவது தடவை இறக்க மனமில்லை, ஏறிவிட்டேன். விமானம் ஆடாமல் போனது.

மூன்றாம் நாள் கடல் பக்கமிருந்து மழை வந்தது. உயரமாகப் போய், கீழே ஐயாயிரம் அடி இடம் வைத்துக்கொண்டு, மேகத்தின் ஓரமாகத் தூறலுக்குள் நுழைந்தேன். முன்சிறகு முழுக்க நனைந்து பளபளத்தது. பிடியை இழுக்கத் தயாராக இருந்தேன். எதற்கு இழுக்க? மூக்கு அதன் இடத்திலேயே இருந்தது. சொல்லப்போனால் மயிரிழை மேலே போனது. நான் வாய்விட்டு அழுதேன் என்று உங்களிடம் மட்டும் சொல்கிறேன். அப்பா போன அதே ஆற்று முகம் தூரத்தில் தெரிகிற மாதிரி ஒரு தோற்றம். இருநூறு மைலுக்கு அப்பால் இருப்பது எப்படித் தெரியும்? ஆனாலும்.

ஐந்து மணி நேரமும் முடிந்தது. வருடக் கெடு மாதக் கடைசியில். நீங்கள் கையெழுத்துப் போட மாட்டேன் என்றது நினைவிருக்கிறது. நான் கெஞ்சப் போவதில்லை. யூஜீன் நகரத்தில் ஒரு மெக்கானிக் போட்டுத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

ஆனால் அவர் ஆறாவது கேள்வியைக் கேட்க மாட்டார்.

மார்லிஸ்

*

ரோசமண்ட்
1989 மே 3

அன்புள்ள மார்லிஸ்,

உங்கள் ஊரிலிருந்து நாங்கள் திரும்பிய ரயில் சரியான நேரத்துக்கு வந்து சேர்ந்தது. வழியில் பார்த்த சிக்னல்களில் இரண்டு சரியில்லை. ஓய்வு பெற்றவன் பேச்சை யார் கேட்பார்கள்? உங்கள் வீட்டு நண்டு ஐலீனுக்குக் கனவிலும் வருகிறதாம்.

அங்கே நேரில் நிறையப் பேசவில்லை நான். உங்கள் தம்பி முதல் நாள் என் கையைக் குலுக்காமல் சுத்தியலை நீட்டி, "இந்தாங்க, தட்டிப் பாருங்க" என்றாரே, அதிலேயே பாதிப் பேச்சு போய்விட்டது. இரண்டு நாள் தட்டினேன், அளந்தேன், திருகினேன். குறை கண்டுபிடிக்கவே தேடினேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். முன்சிறகின் அடிப்பக்கம், யார் கண்ணிலும் படாத மூலையில், கையை விட்டுத் தடவினேன். கண்ணாடிபோல் இருந்தது. உங்கள் முதல் கடிதத்தில் நீங்கள் என்னைப் பற்றி எழுதியதைத் திருப்பி உங்களுக்கே எழுத வேண்டும்போல் இருந்தது. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். என் பாஷையில் அது அதே வாக்கியம்தான்.

பறந்ததைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நான் கட்டிய விமானத்தின் பின்னிருக்கையில் நான் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. முன்னால் பார்க்க முடியவில்லை, உங்கள் பிடரிதான் தெரிந்தது. அதனால் பக்கவாட்டில் பார்த்தேன். பின்சிறகு அவ்வளவு அழகாகப் பின்னோக்கிச் சரிந்து போகிறது என்று வரைபடத்தில் தெரிந்ததே தவிர, கண்ணால் கண்டதில்லை. நுனியில் கடல் தொங்கிக்கொண்டிருந்தது.

மழை வந்தபோது என் வலது கை தானாகப் பின்னிருக்கையிலும் இருக்கும் பக்கவாட்டுப் பிடிக்குப் போனது. விரல் நுனியால் தொட்டேன். அது அசையவில்லை. யாரும் எதையும் இழுக்கவில்லை. உங்கள் தோள் தளர்வாக இருந்தது. கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். கட்டியதிலிருந்து அதற்குள் உட்கார்ந்து நான் கையை மடியில் வைத்த முதல் தடவை அது.

அப்போதுதான் கேட்டீர்கள்: "வெண்டல், இறுக்கித் திருப்பட்டுமா?"

எனக்கு இதயத்தைப் பற்றி ஒரு நினைப்பு வந்தது, மறுக்கவில்லை. "திருப்புங்க" என்றேன்.

கன்னம் தொங்கியது, மூக்குக் கண்ணாடி கழன்று மடியில் விழுந்தது, கடல் பக்கவாட்டில் எழுந்து சுவராக நின்றது. நான் சத்தம் போட்டதை நீங்கள் பயம் என்று நினைத்து "போதுமா?" என்றீர்கள். பயம் இல்லை. "இன்னொண்ணு!" என்று கத்தினேனே, அது கேட்டிருக்கும். இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று. ஆறு வருடம் பால்வண்டி ஓட்டியதற்குச் சேர்த்து வைத்து.

கீழே ஐலீன் குடையோடு நின்றாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு அவள் உங்களிடம் ஏதோ மெதுவாகச் சொன்னாள், நீங்கள் இரண்டு பேரும் சிரித்தீர்கள். என்னவென்று ரயிலில் ஆயிரம் மைல் கேட்டுக்கொண்டே வந்தேன், சொல்லவில்லை. நீங்களாவது எழுதுங்கள்.

இத்துடன் ஒரு சின்னப் பொட்டலம் இருக்கிறது. விமானத்துக்குள் கட்டியவன் பெயர் பொறித்த தகடு இருக்கிறது அல்லவா? சட்டப்படி அதில் என் பெயர் மட்டும்தான் இருக்க முடியும், விசாரித்துப் பார்த்தேன். சட்டம் முன்சிறகைப் பற்றித் தனியாக எதுவும் சொல்லவில்லை. அதனால் பித்தளையில் ஒன்று வெட்டினேன். எழுத்துகளைக் கையாலேயே அடித்தேன். 'ட்' கொஞ்சம் சாய்ந்திருக்கிறது, மூன்று தகடு வீணாக்கியும் அது நேராகவில்லை.

"முன்சிறகு: மார்லிஸ் ட்வைட், சார்ல்ஸ்டன்."

தயவுசெய்து அதற்காகச் சிறகில் துளை போடாதீர்கள். பசை வைத்து ஒட்டுங்கள். குளிர் இல்லாத நாளாகப் பார்த்து.

வெண்டல்